கரண்ட் போனால் குஷியாகும் கூட்டம் நாங்கள் – சிற்றலை நேயர்கள் வாருங்கள்

முப்பத்தொருமீட்டர் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி எட்டே முக்காலுக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. முக்கில் இருக்கிற டிரான்ஸ்பார்மரில் 'டப்' என்று ஒரு சத்தம், உடனே தெரு முழுக்க 'அய்யோ'. எதிர்வீட்டுப் பெரியம்மா சீரியல் பாதியில் நின்ற துக்கத்தோடு விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

அடுக்களையிலிருந்து என் மனைவி, "மெதுவா ஏறுங்க, கரண்ட் ஒண்ணும் உடனே வந்துடாது" என்றார். கல்யாணமாகி 32 வருஷம். அவருக்கு எல்லாம் தெரியும்.

சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ் வானொலி, கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைக்கு வீட்டில் இருக்கிற எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், டிவிப் பெட்டி ஒவ்வொன்றும் ரேடியோ இரைச்சலைக் கிளப்புகிறது. முப்பது வீட்டு இரைச்சலும் சேர்ந்து காற்றில் கிடக்கும்போது, எங்கோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற மெல்லிய குரல் எப்படிக் கேட்கும்? கரண்ட் போனதும் சந்தை கலைந்த மாதிரி ஆகிவிடும். முள்ளை மெதுவாக நகர்த்தினால், பகலெல்லாம் வெறும் 'கர்ர்' என்று இருந்த இடத்தில் ஆள் பேசுகிற சத்தம் வரும்.

நேற்றும் வந்தது. 31 மீட்டர் என்கிற சிற்றலைப் பேண்டில், எனக்குத் தெரியாத ஒரு மொழி. முதலில் மேளம், பிறகு ஒரு பெண் குரல். பாட்டு முடிந்தது. நிலையத்தின் பெயரைச் சொல்ல அந்த அம்மா மூச்சை இழுக்கிற சத்தம்கூடக் காதில் விழுந்தது. கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்க 'ஹே' என்று ஒரே ஆரவாரம். என் ஒருவன் வாயிலிருந்து மட்டும் 'அய்யோ' வந்தது.

இந்த ஈடுபாடுதான் என் வாழ்க்கையில் முக்கால்வாசி விஷயங்களை முடிவு செய்திருக்கிறது. இந்த வீட்டை வாங்கியதே அப்படித்தான். தரகர் மூன்று வீடு காட்டினார். மூன்றுக்கும் மஞ்சள் பையில் ரேடியோவை வைத்துக்கொண்டு போனேன். முதல் வீட்டில் கிணறு, தோட்டம், தேக்கு நிலை எல்லாம் இருந்தது. ஆனால் பின்பக்கமே உயர் அழுத்தக் கம்பி போகிறது. ரேடியோவைப் போட்டால் ஒரே வண்டு சத்தம். வேண்டாம் என்றேன். இரண்டாவது வீட்டை ஒட்டி வெல்டிங் பட்டறை. மூன்றாவது ஊரின் கடைசி வீடு, தெற்கே வெறும் கரும்புக் கொல்லை. கூடத்தில் நின்று ரேடியோவைத் திருப்பினேன், பளிங்கு மாதிரி கேட்டது. "இதுதான்" என்றேன். தரகர், "வாஸ்து பார்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன், ஜாதகம் பார்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன். ரேடியோ வச்சு வீடு பார்க்கிற ஆளை இன்னிக்குத்தான் சார் பார்க்கிறேன்" என்றார். குடிவந்து 19 வருஷம் ஆகிறது. ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை.

உங்கள் ஈடுபாடு உங்களை என்னவெல்லாம் செய்ய வைத்தது? சிற்றலை நேயர்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை, ஆனால் அவர்கள் வந்தால் ரொம்ப சந்தோஷம்.

---

வேலூர்வெயில்

ஐயா, தவறாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உலகத்தில் இருக்கிற எல்லா வானொலியும் போனில் வருகிறதே? ஒரு செயலியைத் திறந்தால் இரைச்சலே இல்லாமல் கேட்கலாம். மாடிக்கு ஓடுவது எதற்கு?

---

முப்பத்தொருமீட்டர்

நல்ல கேள்வி, எல்லோரும் கேட்பதுதான். போனில் வருவது குழாய்த் தண்ணீர், இது மழை. இரண்டும் தண்ணீர்தான். ஆனால் மழை வந்தால் வாசலுக்கு ஓடி வந்து பார்க்கிறோம் இல்லையா?

விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிற்றலை பூமியோடு ஊர்ந்து வருவதில்லை. ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து மேலே போய், 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தில் வளைந்து, திரும்பத் தரைக்கு வருகிறது. தரையில் பட்டு மறுபடி மேலே போகிறது. இப்படித் தத்தித் தத்தி உலகத்தையே சுற்றிவிடும். சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கு ஏறத்தாழ 11 வருஷச் சுழற்சி ஒன்று உண்டு. புள்ளி அதிகமானால் 13, 16 மீட்டர் போன்ற மேல் பேண்டுகள் உயிர்பெறும். அதனால் எனக்கு மாடியில் ரேடியோ வைத்திருப்பது சூரியனின் நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. இன்றைக்குக் கேட்ட நிலையம் நாளைக்குக் கேட்காமல் போகலாம். கேட்காத நாளும் எனக்கு ஒரு செய்திதான்.

---

தபால்பெட்டி

முப்பத்தொருமீட்டர் அண்ணா, உங்கள் இழையைப் பார்த்ததும் பரணிலிருந்து என் அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டேன். மூன்று செருப்புப் பெட்டி, ஒரு புடவைப் பெட்டி. எல்லாம் கியூஎஸ்எல் அட்டைகள்.

புதியவர்களுக்கு: ஒரு நிலையத்தைக் கேட்டால், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அலைவரிசை, நிகழ்ச்சியில் என்னென்ன வந்தது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அவர்களுக்கு எழுதுவோம். நாம் சொன்னது சரியாக இருந்தால் 'ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அதுதான் கியூஎஸ்எல்.

1986, நான் பத்தாவது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமம். தாத்தாவின் மர்ஃபி வால்வு ரேடியோ. போட்டால் சூடேறிப் பேசவே ஒரு நிமிஷம் ஆகும். கூடத்துக்குக் குறுக்கே நாடா மாதிரி ஒரு வலை ஏரியல் கட்டியிருக்கும். அதில்தான் பீகிங்கின் தமிழ் ஒலிபரப்பைப் பிடித்தேன். 1963 ஆகஸ்டிலேயே தமிழில் தொடங்கிவிட்டார்கள். சீனர்கள் தமிழ் படித்து, நம் எழுத்துத் தமிழில் அட்சரம் பிசகாமல் செய்தி வாசிப்பதைக் கேட்டு என் பாட்டி, "இவ தஞ்சாவூர்க்காரியை விட நல்லா பேசறாளே" என்றார். கடிதம் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அட்டை, நாள்காட்டி, சிவப்புக் காகிதத்தில் வெட்டிய பூ எல்லாம் சேர்ந்து வந்தது. அந்த உறையைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

அதற்கப்புறம் மாஸ்கோவுக்கும் எழுத ஆரம்பித்தேன். மாதத்துக்கு நாலைந்து வெளிநாட்டு உறை. ஒருநாள் சாதாரண உடையில் ஒருவர் வந்தார். ஏதோ ஒரு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, "இந்த வீட்டிலிருந்து சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் கடிதம் எழுதுவது யார்?" என்று கேட்டார். தாத்தா நடுங்கிப்போய்விட்டார். பாட்டி மட்டும், "எம் பேத்திதான். பத்தாவது படிக்கிறா. ஏன், உங்களுக்கு ஏதும் எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டு, மோர் கொண்டுவந்து வைத்தார். அவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லா அட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரை மணிநேரம். போகும்போது தன் மகன் தபால்தலை சேர்ப்பதாகச் சொல்லி, உறையிலிருந்து கிழித்த தலை இரண்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

பெண் பார்க்க வந்தபோது வழக்கம்போல "பாடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "பாடத் தெரியாது, ஆனா ஒரு பாட்டைக் கேட்டா எந்த நாட்டு ரேடியோன்னு சொல்லுவேன்" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றைக்கே முடிவாகிவிட்டது. சீர் வண்டியில் பித்தளை அண்டாவுக்குள் என் செருப்புப் பெட்டிகள்தான் வந்தன; அடிபடாத இடம் அதுதான் என்று அப்பாவே வைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்போ. ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், பரவும் தன்மை, மொத்தத் தரம் ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 45444 என்றால் அருமை, 22222 என்றால் பாவம். இது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. மகள் விடுதியிலிருந்து போன் செய்தால், "34333, ஜன்னல் பக்கம் போ" என்பேன். அவளுக்குப் புரியும். வீட்டில் சாம்பாருக்கும் அதே மதிப்பெண்தான், போன வாரம் வீட்டுக்காரர் வைத்ததற்கு 45454 கொடுத்தேன். அந்த நாலாவது எண் வாசனை பரவியதற்கு.

---

கரவெட்டிப்பெடியன்

வணக்கம். நீங்கள் கரண்ட் போனால் சந்தோஷம் என்கிறீர்கள். எங்களுக்குத் தொண்ணூறுகளின் முதல் பாதி முழுக்கக் கரண்டே இருக்கேல்லை. யாழ்ப்பாணம் முழுக்க இருட்டு. பெட்டரி கொண்டுவரத் தடை. இருந்த பழைய பெட்டரியை வெயிலில் காயவைத்து, காயவைத்து, அதுவும் செத்துப் போச்சு.

ஆனால் ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்க வேணும். அதில்தான் எங்கே சண்டை, யார் எங்கே போனது என்று தெரியவரும். அப்பா சைக்கிளைக் கவிட்டு வைத்தார். பின் சில்லோடு உரசுகிற டைனமோவிலிருந்து இரண்டு வயர். டைனமோவில் வருவது மாறிமாறி ஓடுகிற மின்சாரம் என்று அண்ணா நாலு டயோட்டும் ஒரு கண்டென்சரும் எங்கோ பழைய பெட்டியொன்றில் கழற்றி வந்து ஒட்டினார். நான் பெடலைக் கையால் சுற்ற வேணும். ஒரே வேகத்தில் சுற்ற வேணும். கை தளர்ந்தால் அறிவிப்பாளர் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரிப் போய்விடுவார், நிலையமும் விலகும். "சுத்தடா, சுத்தடா" என்று பின்னாலிருந்து பத்துப் பேர் கத்துவார்கள். ஊர்ச் சனம் முழுக்க எங்கள் முற்றத்தில்தான்.

தலைப்புச் செய்தி என் முறை. அதற்கடுத்தது பக்கத்து வீட்டு மாமாவின் மகன். அவன் தன் முறை முடிகிற நேரம் பார்த்து வேண்டுமென்றே வேகமாகச் சுற்றுவான். 'நான் சுத்தினதாலதான் இந்த முக்கியமான செய்தி வந்தது' என்பான். அம்மம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பெடல் சத்தத்துக்கு மேலால், "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பா. ஒருநாள் நான் களைத்து நிற்பாட்டிவிட்டேன். அறிவிப்பாளர் பாதி வசனத்தில் போய்விட்டார். அம்மம்மா சொன்னா: "பாவம், அந்த மனுசனுக்கும் இளைச்சுப் போச்சு போல."

இப்ப நான் கனடாவில். வீட்டில் நல்ல றேடியோ நாலு இருக்கு. கராஜில் ஒரு சைக்கிளும் டைனமோவோடு இருக்கு. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சி வந்தபோது இதைத்தான் செய்து கொண்டுபோனோம். சனம் வரிசையில் நின்று சுற்றிப் பார்த்தது.

---

முப்பத்தொருமீட்டர்

கரவெட்டித் தம்பி, உங்கள் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அம்மம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நீங்கள் தமிழோசையைச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். 1941 மே 3-இல் தொடங்கிய ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு சிற்றலையில் நின்றது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரமே குளித்து, வேட்டி மாற்றி, ரேடியோவைத் துடைத்து வைத்து உட்கார்ந்தேன். புதிய பேட்டரி போட்டேன். முடிந்ததும் அந்த இடத்தில் வெறும் காற்றுச் சத்தம். அரை மணிநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒன்பதேகாலுக்குக் கை தானாகப் போய் அதே அலைவரிசையைப் போட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பேரனுக்கு அதன் காரணம் தெரியாது.

அடுத்த வருஷம், 2018 ஜூன் 30-இல், பிலிப்பைன்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த வெரித்தாஸ் வானொலியும் சிற்றலையை விட்டுப் போனது. தபால்பெட்டி அம்மாவுக்கு அந்த அட்டைகளும் இருக்கும்.

---

தபால்பெட்டி

இருக்கிறது அண்ணா, பதினொன்று.

---

கோவைக்குஞ்சு

எல்லோருக்கும் வணக்கம். இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். தாத்தா வைத்திருந்த இரண்டு பேண்ட் டிரான்சிஸ்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு எடுத்துப் பேட்டரி போட்டேன். பண்பலை இல்லாததால் இத்தனை நாள் கெட்டுப்போனது என்று நினைத்திருந்தோம். சத்தம் வருகிறது, ஆனால் இரைச்சல்தான் அதிகம். அடுக்குமாடி, நாலாவது மாடி. நான் என்ன செய்ய வேண்டும்?

---

முப்பத்தொருமீட்டர்

வா தம்பி, வா! இதைவிட எனக்கு என்ன வேண்டும்.

முதலில் வீட்டின் மெயினை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார். இரைச்சல் குறைந்தால் எதிரி உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடி. பெரும்பாலும் மலிவான எல்இடி பல்பும் சார்ஜரும்தான். எங்கள் வீட்டில் கொலு பொம்மைகளுக்குப் போட்ட சீரியல் விளக்கு 25 மீட்டரை முழுசாக விழுங்கியது. ஒன்பது நாள் அம்மனுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்து, சிற்றலைக்கு ஏழெட்டு மீட்டர் சாதாரண மின்கம்பி. ஒரு முனையை ரேடியோவின் நீட்டுக் குச்சியில் கவ்வி, மறுமுனையை ஜன்னல் வழியே வெளியே விடு. மின்சார வயரிலிருந்து தள்ளி இருக்கட்டும். சின்ன ரேடியோவுக்கு அதற்கு மேல் நீளம் வேண்டாம், பக்கத்து நிலையங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். இடி இடித்தால் முதலில் கம்பியைக் கழற்று. இதில் அலட்சியமே கூடாது.

மத்திய அலைக்கு, அதாவது மீடியம் வேவுக்கு, கம்பி தேவையில்லை. உள்ளேயே ஏரியலாக ஒரு ஃபெரைட் தண்டு இருக்கிறது. ரேடியோவையே தட்டாமாலை சுற்றுகிற மாதிரி மெதுவாகத் திருப்பு. ஒரு திசையில் தெளிவாகும். ராத்திரியில் கேள். பகலில் மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும் கீழ் அடுக்கு, சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். தூரத்து நிலையமெல்லாம் வரும். தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட். அதிலிருந்து ஆரம்பி.

முக்கியமானது ஒன்று: துணி காயப்போடும் கம்பியை ஏரியலாகப் பயன்படுத்தாதே. நான் செய்தேன். ஈரப் புடவை காயும்போது ஒலி குறைகிறது என்று சொல்லி, பாதி ஈரத்தோடு புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். அன்று மாலை என் மனைவி ஒரு கல்யாணத்துக்குக் கட்ட வைத்திருந்த புடவை அது.

---

கோவைக்குஞ்சு

ஐயா!!! வந்துவிட்டது!

மெயினை அணைத்ததும் பாதி இரைச்சல் போனது. மீதி எங்கிருந்து என்று ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் மேலும் கீழுமாக நடந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு மீன் தொட்டியின் விளக்கு. அந்த வீட்டு ஆண்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "பத்து நிமிஷம் மீன் இருட்டுல இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று அணைத்துவிட்டு அவரும் கூடவே வந்துவிட்டார். குடியிருப்புச் சங்கத்து செயலாளர் மொட்டை மாடியில் என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார். அவரும் நின்றுவிட்டார்.

நீங்கள் சொன்ன மாதிரி மெதுவாகத் திருப்பினேன். தென்கிழக்குப் பக்கம் நிற்கும்போது தமிழ் கேட்டது. தூத்துக்குடி! செயலாளர் தூத்துக்குடிக்காரர். இருபத்தெட்டு வருஷமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறாராம். ரேடியோவைக் கையில் வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. சங்கத்து விதிப்படி மாடியில் கம்பி கட்டக் கூடாதாம். "நாளைக்குக் காலையில நானே ஏணி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்போ 34333 என்று போட்டிருக்கிறேன். தபால்பெட்டி அம்மா சரி பாருங்கள்.

---

தபால்பெட்டி

மீன் தொட்டியை அணைத்தபிறகும் இரைச்சலுக்கு 3 என்றால் இன்னும் ஒரு பல்பு பாக்கி இருக்கிறது. தேடு கண்ணா. தேதியும் நேரமும் நிகழ்ச்சி விவரமும் எழுதி வைத்தாயா? இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. என் முதல் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே பீகிங்.

---

வேலூர்வெயில்

கேள்வி கேட்டவன் நான்தான். சும்மா அறிவிக்கலாம் என்று வந்தேன். அப்பாவின் பழைய பிலிப்ஸ் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் எழுபது வயது தாண்டியவர். ரேடியோவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, "இதைக் கொண்டுவர இவ்வளவு நாளாச்சா?" என்று கேட்டார். கூலி பேசவே மாட்டேன் என்கிறார்.

---

முப்பத்தொருமீட்டர்

வணக்கம். இது அவர் இல்லை, அவர் வீட்டுக்காரி எழுதுகிறேன். கரண்ட் போய்க் கால் மணிநேரம் ஆகிறது. போனைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். தட்டில் பாதி தோசை இருக்கிறது. நீங்கள் எழுதியதையெல்லாம் இப்போதுதான் ஒன்றுவிடாமல் படித்தேன். புடவை விஷயம் உண்மைதான், அரக்குக் கலர், பச்சைக் கரை. இன்வெர்ட்டர் அவருக்கு இரைச்சல் தரும் என்று அதையும் நான் அணைத்துவிட்டேன்.

மேலே கைதட்டுகிற சத்தம் கேட்கிறது. அன்றைக்குப் பெயர் சொல்லாமல் போன அந்த அம்மா இன்றைக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. டார்ச்சும் மிச்சத் தோசையும் எடுத்துக்கொண்டு நானும் மேலே போகிறேன். எந்த நாடு என்று அவர் வந்து எழுதுவார்.